சிட்டு அசை போடுதா?

கலைமணி சிதம்பரத்துக்குக் கிளம்பிய அன்று மாட்டைப் பற்றி மூன்று விஷயம்தான் சொன்னாள். முதலில் வைக்கோல். அதைத் தின்ற பிறகுதான் தவிட்டுத் தண்ணீர். சாயங்காலம் படுத்து அசை போடுகிறதா என்று கிட்டே நின்று பார்க்க வேண்டும். அவள் தங்கை இசைவாணிக்கு அங்கே ஆஸ்பத்திரியில் பிரசவம். திரும்பி வரப் பதினைந்து நாளாவது ஆகும்.

"மறந்துடாத மாமா" என்றாள், பஸ் படிக்கட்டில் நின்றபடி.

"லாரியே ஓட்டுறேன். ஒரு மாட்டப் பாத்துக்க மாட்டனா?" என்றான் அவள் புருஷன் இளவரசு.

"லாரி நின்னா மெக்கானிக்கு வருவான்."

பஸ் போய்விட்டது. அந்தப் பேச்சு மட்டும் அவனோடு வீட்டுக்கு வந்தது.

சிட்டு அவளுடைய மாடு. கன்றாக வந்ததிலிருந்து அவள் கையில் வளர்ந்தது. மேல்பட்டாம்பாக்கத்து வீட்டில் எல்லாவற்றிலும் அவன் பேச்சு எடுபடும், மாட்டு விஷயத்தில் மட்டும் எடுபடாது. வேளைக்கு நாலு லிட்டர் கறந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி வரும்போது ஆறு லிட்டர் கறந்து காட்ட வேண்டும் என்று நினைத்தான். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வேறு கெட்ட எண்ணம் எதுவும் அவனுக்கு இல்லை. பின்னால் நினைத்துப் பார்க்கும்போது அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

பண்ருட்டி மண்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிப் போகிற மினி லாரி அவனுடையது. சீசன் உச்சத்தில் இருந்தது. ஏற்றும்போது வெடித்துவிட்ட பழத்தை யாரும் வாங்க மாட்டார்கள். அப்படி இரண்டு பழத்தைக் கொண்டுவந்து பிளந்து வைத்தான். சிட்டு சுளை, அதைச் சுற்றியிருந்த சடை எல்லாவற்றையும் தின்றுவிட்டு அவன் கையை நக்கியது. மறுநாள் நாலு பழம். கூடவே குருணைக் கஞ்சியும் காய்ச்சி ஊற்றினான். வைக்கோலை அது முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கால் தள்ளியது. இனிப்பாகக் கிடைக்கும்போது வைக்கோலை எதற்குத் தின்ன வேண்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

நாலாம் நாள் பால் ஏறியது. பால் சொசைட்டியில் எழிலன் அளந்து, கொழுப்பு பார்க்கிற மெஷினில் வைத்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினான்.

"என்னா மச்சான், தங்கச்சி ஊர்ல இல்லன்னதும் கொழாயத் தொறந்து வுட்டுட்டியா? அளவு ஏறுது, கொழுப்பு எறங்குதே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஒன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சி."

"அதுக்கு ஏன் கோவப்படுற? மாட்டுக்கு என்னா வக்கிற, அதச் சொல்லு."

இளவரசு கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கொழுப்பு இறங்கியதே மாட்டின் வயிறு கெட ஆரம்பித்ததற்கு அடையாளம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அன்றைக்கு அது அவனுக்கு வெறும் கிண்டலாகத்தான் கேட்டது.

ஆறாம் நாள் மத்தியானம் கலைமணி போன் செய்தாள். அவன் கட்டிலில் படுத்திருந்தான். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இசைவாணிய உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க மாமா. சிட்டு எப்பிடி இருக்கு?"

"சாணி கொஞ்சம் எளகலா போவுது. வெயிலு ஜாஸ்தி."



"அசை போடுதா? போயி பாத்துட்டு சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

கொட்டகை வீட்டுக்குப் பின்னால்தான், எழுந்தால் இருபது அடி. விடியலிலிருந்து லாரி ஓட்டிய உடம்பு எழவில்லை. போய் வருகிற அளவுக்கு நேரம் விட்டு, "போடுது, போடுது. நல்லாப் போடுது" என்றான்.

"சரி" என்றாள்.

அன்று சாயங்காலம் ஆறு பழம் பிளந்து வைத்தான்.

மறுநாள் காலை சிட்டு எழுந்திருக்கவில்லை. கண் குழிந்திருந்தது, இடது பக்கம் உப்பியிருந்தது. சாணி தண்ணீராகப் போய்க் கொட்டகை முழுவதும் புளித்த வாடை. கால்நடை டாக்டர் இளமதி வந்து விலாவை அழுத்தினார். உள்ளே குடத்துத் தண்ணீர்போல் தளும்பியது. என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னான். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"வைக்கோல மெல்லும்போது ஊறுற எச்சில்தாங்க வயித்துப் புளிப்ப அடக்கும். நீங்க மெல்றதுக்கு ஒண்ணுமே இல்லாம இனிப்பாவே குடுத்திருக்கீங்க. எல்லாம் உள்ள புளிச்சிப் போயி வயிறே வெந்து கெடக்கு."

சோடா உப்பைக் கரைத்து வாய் வழியாகக் குழாய் விட்டு ஊற்றினார். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார். "நேத்து மத்தியானமே கூப்ட்டிருந்தா" என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். "நாளைக்குள்ள அசை போட்டுட்டா பொழச்சிக்கும்."

அவன் போன் செய்து சொன்னதும் கலைமணி பஸ் ஏறிவிட்டாள். மத்தியானம் வந்தவள் பையைக்கூட வைக்காமல் கொட்டகைக்குள் போனாள். மூலையில் குவிந்து கிடந்த பலாத் தோலைப் பார்த்தாள். மாட்டின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவன் எதிரே உட்கார்ந்தான். அவள் கேட்பாள், கேட்பாள் என்று காத்திருந்தான். வெயில் கொட்டகைக்குள் ஒரு சாண் நகர்ந்திருக்கும். அப்போதும் அவள் கேட்கவில்லை.

"நேத்து நீ கேட்டப்ப நான் எழுந்தே போவல கலை. பாக்காமத்தான் சொன்னேன்."

மாட்டின் கண்ணோரத்தில் மொய்த்த ஈயை அவள் விரட்டினாள்.

"தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஃபேன் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சி மாமா. கொட்டாய்க்கு வந்திருந்தா அது கேட்டிருக்காதே."

"அப்பவே ஏன் கேக்கல?"

"உள்ள கொழந்த அழுவுற சத்தம் கேட்டுச்சி, ஓடிட்டேன். அப்புறமும் நெனச்சேன், திருப்பிப் போன் பண்ணணும்னு. உன்கூட சண்ட போடத் தெம்பு இல்ல. ஒரு நாளுல என்னா ஆயிடப் போவுதுன்னு வுட்டுட்டேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. அவனுடைய பொய்யில் பாதியை அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டதுபோல் இருந்தது. இதற்கு அவள் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ஆனபோது அவனுக்கு மாட்டின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தபடி, "அசை போடுதா?" என்று கேட்டான்.

அவள் குனிந்து, மாட்டின் தாடையில் உள்ளங்கையை வைத்து, அப்படியே இருந்தாள். அவன் பத்து எண்ணினான், நூறு எண்ணினான்.

"இல்ல" என்றாள்.

விடிந்து பார்த்தபோது சிட்டு போயிருந்தது.

வெடித்த பழத்தை இளவரசு இப்போது மண்டியிலேயே விட்டுவிட்டு வருகிறான். பண்ருட்டி ரோட்டோரம் மரத்தடியில் எந்த மாடாவது படுத்திருந்தால் லாரியை நிறுத்திவிடுகிறான். பின்னால் வருகிற பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான், "ஓரமா வுடுய்யா, தூங்குறியா?" என்று கத்துகிறான். அந்த மாட்டின் தாடை ஒரு முறை அசைகிற வரைக்கும் இளவரசு கியரில் கை வைப்பதில்லை.