தையல் இல்லாத ஆபரேசன்

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், கீழக்குயில்குடி ஜெயபாண்டியின் மனைவி தமிழ்ச்செல்விக்கு, வயது முப்பத்தொன்று, நெற்றி சைனஸில் அறுவை சிகிச்சை நடந்தது. நாலு மணி நேரம் ஆனது. தையல் போடவில்லை.

சனிக்கிழமை வீடு திரும்பியவளைப் பார்க்க ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குப் பார்க்க ஒன்றுமில்லை. எதிர்வீட்டு ராமக்காள் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“எங்கடி கீறுனாங்க?”

“கீறலத்தே. மூக்கு வழியா கேமராவ விட்டு, உள்ளுக்குள்ளயே எலும்பக் கொடஞ்சு வழி பண்ணிருக்காங்க.”

“ஒரு தையல்கூடவா இல்ல? நீ மயங்குனதும் டாக்டரு டீ குடிக்கப் போயிட்டான்டி!”

எல்லாரும் சிரித்தார்கள். தமிழ்ச்செல்வியும் சிரிக்கப் போய், வலி தாங்காமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அதிக நேரம் சிரித்தது கனகலட்சுமி. ஜெயபாண்டியின் அண்ணன் காசிமாயனின் மனைவி. ஒரே காம்பவுண்டுக்குள் அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு வீடு, பொதுவாக ஒரு குழாய்.

எட்டு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்தபோது கனகலட்சுமியின் வயிற்றை ஒரு சாண் நீளத்துக்குக் கீறியிருந்தார்கள். அந்தத் தழும்பைப் பார்த்துத் தெருவே உச்சுக்கொட்டியது. வீடு திரும்பிய அன்று சாயங்காலம் காசிமாயன், “ரசம் மட்டும் வச்சுருவியா?” என்று கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. அறுப்பு நேரம், பசி. அவளும் எழுந்து வைத்தாள். இத்தனை வருஷமாக அது அவளுக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

இப்போது தோன்றியது. ஜெயபாண்டி லோடு வண்டி ஓட்டுகிறவன், சத்தமாகப் பேசுகிறவன். காலையும் மாலையும் மனைவியின் மூக்கைக் கழுவ அவன் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆற்றி, உப்புப் பொட்டலத்தைக் கரைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பான். அதைப் பாட்டிலில் ஊற்றி அவளுடைய ஒரு மூக்கில் வைத்து மெல்ல அமுக்குவான். மறு மூக்கு வழியே ரத்தக் கட்டியும் சளியுமாகச் சட்டிக்குள் விழும். அவன் முகம் சுளிக்கவில்லை. “மூச்ச வாயால விடு தமிழு… அம்புட்டுத்தான்… முடிஞ்சது” என்று, பயந்த மாட்டிடம் பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருப்பான். ஜன்னல் வழியாக அது கனகலட்சுமிக்குத் தெரியும். பார்க்கக் கூடாது என்று வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். சத்தம் கேட்கும்.

அந்த வழி மூடிவிடக் கூடாது என்பதுதான் எல்லாருக்கும் கவலை. முன்பு ஒருமுறை ஆபரேசன் செய்து, மூன்றே மாதத்தில் அடைத்துக்கொண்டு, தமிழ்ச்செல்வி தலையைச் சுவரில் முட்டும் அளவுக்கு வலி வந்திருந்தது. இந்தத் தடவையும் மூடினால் நெற்றியைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு வாரம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. அவர் சொன்னபோது கனகலட்சுமி பக்கத்தில்தான் நின்றாள்.

எட்டாம் நாள் காலை ஜெயபாண்டி சிம்மக்கல்லுக்கு லோடு ஏற்றப் போயிருந்தான். காசிமாயன் வயலில் இருந்தான். குழாயில் தண்ணீர் வந்தது.

“தமிழு, ரெண்டு கொடம் மட்டும் எந்திரிச்சு எங்க அடுப்படில வச்சுரு. எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு.”

அவள் இடுப்புக்கு ஒன்றுமில்லை.

“தூக்கக் கூடாதுன்னாங்களேக்கா.”

“வயித்தக் கிழிச்ச நானே பதினஞ்சாம் நாளு களத்துல நின்னேன். ஒனக்கென்ன, மூக்குதான?”

தமிழ்ச்செல்வி எழுந்து போனாள். இரண்டாவது குடத்தை இறக்கிவைத்தபோது அடுப்படித் தரையில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. நிமிர்வதற்குள் ரவிக்கை நனைந்துவிட்டது.

ஆட்டோவில் அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தவள் கனகலட்சுமிதான். “முழுங்காத, துப்பு. என் சேலையிலயே துப்பு” என்றாள். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன், அவளாகத்தான் தூக்கினாள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூக்குக்குள் பஞ்சை அடைத்து ரத்தத்தை நிறுத்திய பிறகு டாக்டர் கேட்டார். “என்ன தூக்குனீங்க?”

“இல்ல சார். தும்மிட்டேன்.”

கனகலட்சுமிக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே வயிறு எரிந்தது. இதிலும் அவளே தன்னைவிட ஒரு படி மேலே போய்விட்டாள்.

ஜெயபாண்டி வீட்டுக்கு வந்தபோது ரத்தச் சொட்டுகள் காய்ந்திருந்தன. வாசலில் தொடங்கி அவை போன வழியே போனான். அவை அண்ணன் வீட்டு அடுப்படியில், தண்ணீர்க் குடங்களின் அருகில் முடிந்தன. வாளியை எடுத்துவந்து கழுவ ஆரம்பித்தான்.

“விடுங்க தம்பி, நான் கழுவுறேன்.”

“இருக்கட்டும் மதினி.”

செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, ஜெயபாண்டி திருநகரில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடிபோனான். பீரோவையும் கட்டிலையும் அண்ணனும் தம்பியும் வண்டியில் ஏற்றினார்கள். கேஸ் சிலிண்டரைக் கனகலட்சுமி தனியாக உருட்டிக்கொண்டு வந்தாள். தமிழ்ச்செல்வி முன் சீட்டில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அக்டோபரில் டாக்டர் மறுபடி கேமரா விட்டுப் பார்த்தார். வழி மூடவில்லை.