கண் மூடிய நேரம்

எங்கள் விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில், பொம்மை அச்சில் களிமண் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து மிச்சத்தை வடித்துவிட வேண்டும். தாமதித்தால் பொம்மை உள்ளே கட்டியாகிப் பாழாகும். அந்தப் பத்து நிமிடம்தான் நான் கண்மூடி நிம்மதியாக உட்காரும் நேரம். மேனேஜர் கொளஞ்சிநாதனுக்கு அது பொறுக்காது. "அருக்காணி, தூங்கவா வந்த?" என்று கத்துவார்.

அவரே நேற்று எங்களுக்குத் தியானம் சொல்லித்தர ஒரு மாஸ்டரை அழைத்துவந்து, எல்லோரையும் உட்காரச் சொன்னார். அப்போதுதான் நாற்பது அச்சில் ஊற்றியிருந்தேன்.

"வடிச்சிட்டு வரேங்க."

"மாஸ்டர் மணி அடிக்கிற வரைக்கும் எவளும் கண்ணத் தொறக்கக் கூடாது!" என்றார் மேனேஜர்.

முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பதும் பாழ்.

"ஏன் வடிக்கல?" என்று பாய்ந்தார்.

"தியானத்துல இருந்தேங்க" என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.