தம்தினின் ஆள் ஜெயித்துத் தொலைத்தார்

தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் சண்டை போடுவார்கள். தம்தினின் கூடாரத்திலோ புருஷனும் பெண்டாட்டியும் ஊரறியப் பந்தயமே கட்டிவிட்டார்கள். அவருடைய ஆள் ரயில்வே எஞ்சினியர். மனைவி நோர்ஜ்மாவின் ஆள் பல் டாக்டர். டாக்டர் ஜனாதிபதியானால் ஆடுகளை மூத்தவனிடம் விட்டுவிட்டு, குளிர்காலம் முழுக்கத் தலைநகர் உலான்பாத்தரில் மகள் வீட்டில் இருப்பது. எஞ்சினியர் ஆனால் வழக்கம்போல இதே மலையடிவாரம். நகரம் என்றாலே தம்தினுக்கு ஆகாது. புகை ஆகாது, லிஃப்ட் ஆகாது, சம்பந்தி அறவே ஆகாது.

முதல் சுற்றில் எஞ்சினியர் முன்னால் வந்தார். ரேடியோவைக் கேட்டதும் தம்தின் வெளியே வந்து நாலு பேருக்குக் கேட்கும்படி சிரித்தார்.

"பாதி ஓட்டைத் தாண்டினாரா?" என்றாள் நோர்ஜ்மா.

"தாண்டலை. அதனால என்ன?"

"அப்ப வாயை மூடிக்கிட்டு டீயைக் குடிங்க. இன்னொரு சுத்து இருக்கு."

அந்த வாரமே மகள் ஊயங்கா போன் செய்தாள். வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகையில் பேரனுக்கு முதல் முடி எடுக்கப் போகிறார்களாம். "நீங்க வர மாட்டீங்கன்னு அம்மா சொன்னா. அதனால முதல் கத்தரி என் மாமனார் வைக்கட்டும்னு பேசிட்டோம்பா."

தம்தினுக்கு வயிறு பற்றி எரிந்தது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன் என் பேரன் தலையில் முதல் கத்தரி வைப்பதா? பண்டிகைக்கு முன்பே பனி பாதையை மூடிவிடும். இலையுதிர்காலத்திலேயே கிளம்பினால்தான் உண்டு. ஆனால் கட்டிய பந்தயத்திலிருந்து எந்த முகத்தோடு பின்வாங்குவது? கௌரவமாகத் தோற்பது ஒன்றுதான் வழி.

பக்கத்துக் கூடாரத்துச் சொய்ஜிலின் வேட்பாளர் மூன்றாவதாக வந்து வெளியேறியிருந்தார். தம்தின் அவனைக் கூப்பிட்டுக் கொழுத்த ஆட்டுவாலைப் பரிமாறினார்.

"நல்லா சாப்பிடு. டாக்டருக்கு ஓட்டைப் போடு."

"அண்ணே, நீங்க எஞ்சினியர் ஆளாச்சே?"

"நாட்டு நலன்னு ஒண்ணு இருக்குடா."

"காலையில அண்ணியும் இதையேதான் சொன்னாங்க. அப்பவும் கறிதான்," என்றான் சொய்ஜில், விரலை நக்கிக்கொண்டு.

இரண்டாம் சுற்றில் தம்தினும் டாக்டருக்குத்தான் போட நினைத்தார். சத்தியமாக நினைத்தார். முப்பது வருடப் பழக்கத்தில் பேனா தானாக எஞ்சினியரின் கட்சிப் பக்கம் போய்விட்டது.

எஞ்சினியர் ஜெயித்துத் தொலைத்தார். அக்கம்பக்கத்தார் குதிரைப்பால் கிண்ணங்களோடு வந்து வாழ்த்தினார்கள். தம்தின் இழவு வீட்டுக்காரர்போல் உட்கார்ந்திருந்தார்.

"கையைத் தூக்குங்க," என்றாள் நோர்ஜ்மா. மல்யுத்தத்தில் தோற்றவர்கள் செய்வதுபோல, அவர் கைக்கு அடியில் குனிந்து நுழைந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க ஜெயிச்சீங்க. இங்கயே கிடப்போம்."

தம்தினுக்குத் தாங்கவில்லை.

"எங்கடி கிடக்கிறது? அந்தாளை நாற்காலியில உட்கார வெச்சது யாரு? நான். அங்க என்ன கூத்தடிக்கிறான்னு பக்கத்துல இருந்து பார்க்க வேண்டாமா?"

"ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வாங்க."

"ஒரு நாள்ல என்ன தெரியும்? ஆரம்பத்துல எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பாங்க. குளிர்காலம் பூரா கண்காணிக்கணும்."

நோர்ஜ்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப ஜனாதிபதிக்குத் தகவல் சொல்லிடலாமா?"

"அவருக்கு அப்புறம் சொல்லலாம்," என்றார் தம்தின். "முதல்ல சம்பந்திக்குப் போனைப் போடு."