காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு

நாய்ச் சாமான் விக்கிற கடைப் பொண்ணு அந்தப் பக்கம் திரும்பின நேரம் பாத்து, ஷாம்பு பாட்டில் மூடியைத் திறந்து மோந்து பாத்துட்டான் கத்திரி. ஒண்ணும் வரல. மூக்கை இன்னும் கிட்ட கொண்டு போனான். பச்சத்தண்ணியை மோந்த மாதிரி இருந்துச்சு.

"சார், குளிக்கப் போறது நாயா, நீங்களா?"

"இதுல வாசனையே இல்லையேம்மா."

"அதுக்குத்தான் சார் அந்த விலை."

கத்திரிக்குச் சுருக்குன்னுச்சு. சலூன்காரன்கிட்டயே ஷாம்பு பாடம். மீசை முளைச்ச நாள்ல இருந்து அவன் ஊர்த் தலையெல்லாம் கழுவுறவன். அவன் பேரே தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது, கத்திரின்னாத்தான் தெரியும். நுரைன்னா மணிக்கட்டு மறையணும், வாசனைன்னா ஆளு தெருமுனை திரும்பின பிறகும் கடைக்குள்ள நிக்கணும். இதுதான் அவன் கணக்கு. அந்தக் கணக்குலதான் போன வாரம் மண்ணு விழுந்துச்சு.

கீழ அவனோட சலூன், மாடியில அக்கா. அக்காவுக்கு ஒரு நாய். குட்டியா இருந்தப்போ துண்டுல சுத்திக் கொண்டாந்ததால பேரு பொட்டலம். இப்போ அதைச் சுத்தணும்னா போர்வை வேணும். வெயில் ஏற ஏறப் பொட்டலம் சொறிய ஆரம்பிச்சுது. பின்னங்கால் தரையில தட்டுற சத்தம் சலூன் வரைக்கும் கேக்கும். ஷேவிங்குக்கு உக்காந்திருக்கிறவன், "மேல ஆசாரி வேலை நடக்குதா?"ன்னு கேப்பான். நாய் டாக்டரம்மா பாத்துட்டு, தோல் அலர்ஜின்னு மாத்திரை குடுத்து, "உடம்புக்குச் சாதுவான ஷாம்புவா பாத்துப் போடுங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க. அக்கா பையை எடுக்குறதுக்குள்ள கத்திரி மார்தட்டிட்டான்.

"கடலுக்குள்ள குடியிருந்துக்கிட்டு உப்புக்கு அலையுறியே! என்கிட்ட விடுக்கா."

சலூன்ல இருந்ததுலயே ஒசந்த ஆப்பிள் வாசனை ஷாம்புவை எடுத்துக் குளிப்பாட்டினான். நுரையில பொட்டலம் பஞ்சு மூட்டை மாதிரி நின்னுச்சு. அக்காகூடச் சிரிச்சா. மறுநாள் பாத்தா வயிறு பூரா சிவந்து, திட்டுத் திட்டா தடிச்சிருந்துச்சு. கத்திரி செருப்புச் சத்தம் கேட்டதும் நாய் கட்டிலுக்கு அடியில போய் ஒடுங்கிக்கிச்சு.

டாக்டரம்மா தலையில அடிச்சுக்காத குறை. மனுசத் தோலுக்குச் செஞ்சது நாய்த் தோலுக்கு ஆகாது, அதுலயும் இவனுக்கு வாசனைன்னாலே ஆகல போலன்னு சொன்னாங்க. அக்கா அதைக் கேட்டுட்டு நேரா சலூனுக்குள்ள வந்தா. கத்தல. கத்தியிருந்தா அவன் பதிலுக்குக் கத்திட்டு நிம்மதியா இருந்திருப்பான். ஸ்ப்ரேயையும் பவுடரையும் ஒரு சுத்துப் பாத்தா.

"டை அடிக்க வர்றவன் ஒவ்வொருத்தனுக்கும் காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு வச்சு, அரிக்குதான்னு பாத்துட்டு நாளைக்கு வான்னு அனுப்புறவன்தானே நீ? கல்யாண மாப்பிள்ளையையே அப்படித் திருப்பி அனுப்பினியே. இவனுக்கு மட்டும் ஏன்டா வைக்கல?"

கத்திரி சீப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சான். நாய்தானேன்னு நினைச்சேன்னு எப்படிச் சொல்லுவான்?

"உன் கடை வாசனை மேல வராம இருக்காது. நான் வேற வீடு பாக்குறேன்."

அன்னைக்கு வந்தவனுக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிப் போச்சு. அதுவரைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா தினம் கீழ வருவா. "இப்போ போறானே, அவன் பின்மண்டையை எலி கரண்டுச்சா?"ன்னு கேட்டுக்கிட்டேதான் உக்காருவா. அந்தத் திட்டு இல்லாம அவனுக்கு ஒரு வாய் இறங்காது. அதை அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. இதெல்லாம் சொல்ற விஷயமா?

இப்போ அந்தக் கடைப் பொண்ணுகிட்ட இதெல்லாத்தையும் கொட்டிட்டான். அவ சிரிப்பை அடக்கிக்கிட்டு, ஓட்ஸ் போட்டது, வாசனையும் சாயமும் இல்லாததுன்னு ஒண்ணை எடுத்து வச்சா. "நுரை வராது சார். வரலைன்னு இன்னும் ஊத்தாதீங்க."

அக்கா கதவைப் பாதிதான் திறந்தா.

"குளிப்பாட்ட வரல. பொட்டு வைக்கத்தான் வந்தேன்"னான் கத்திரி.

அக்கா நாயை மடியில இழுத்துப் பிடிச்சுக்கிட்டா. கத்திரி ஒரு சொட்டைத் தண்ணியில கலந்து, காதுக்குப் பின்னாடி முடியை விலக்கித் தடவி, கொஞ்சம் விட்டு ஈரத்துணியால ஒத்தி எடுத்தான். டை அடிக்க வர்றவங்ககிட்ட சொல்ற அதே குரல்ல, "நாளைக்குப் பாப்போம், அவசரம் இல்ல"ன்னான். பொட்டலம் அவனைப் பாக்காம சுவத்தையே பாத்துச்சு.

மறுநாள் சலூனுக்கு லீவு. காதை அக்கா கண்ணாடி போட்டுப் பாத்தா, அவன் டார்ச் அடிச்சுப் பாத்தான். தோல் தோலாத்தான் இருந்துச்சு. "இறக்கிக் கொண்டா"ன்னு சொல்லிட்டுக் கத்திரி முன்னால ஓடினான். ஸ்ப்ரே, பவுடர் எல்லாம் ஏற்கெனவே பின்னறைக்குப் போயாச்சு. தலை கழுவுற தொட்டியில ஆப்பிள் வாசனை போற வரைக்கும் காலையிலேயே தேய்ச்சு வச்சிருந்தான்.

வெதுவெதுன்னு தண்ணி விட்டான். அக்கா சங்கிலியை விடல. நுரை வரல. கத்திரிக்குக் கை தடுமாறுச்சு. வெள்ளையா நுரை இருந்தாத்தானே எங்க தேய்ச்சோம், எங்க விட்டோம்னு தெரியும்? வேற வழியில்லாம விரல் நுனியால தடவித் தடவிப் போனான். ஒவ்வொரு பொருக்கும், ஒவ்வொரு தடிப்பும் கைக்குத் தட்டுப்பட்டுச்சு. போன தடவை இதே உடம்பைத்தான் கழுவினான். ஒண்ணும் தெரியலையே! அடிவயித்துல முடி கொட்டிச் சொட்டையான எடத்துல விரல் தானா மெதுவாச்சு. பொட்டலத்தோட நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமா நின்னுச்சு.

"என் தலையை ஒரு நாளாவது இப்படிக் கழுவியிருக்கியாடா?"

"கடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு, கழுவுறேன்."

அக்கா சிரிக்கல, ஆனா உதட்டைக் கடிச்சுக்கிட்டா. கத்திரி தண்ணியை ஊத்திக்கிட்டே, ஏதோ பேச்சுவாக்குல கேக்குற மாதிரி கேட்டான்.

"வீடு ஏதும் அமைஞ்சுதா?"

"ஒண்ணு இருக்கு. சாயந்திரம் வந்து பாக்கச் சொன்னாங்க."

"இவன் சொறியலைன்னா?"

"முதல்ல ஒழுங்கா அலசு."

முடியை நீவினா வழுக்காம கீச்சுன்னு சத்தம் வர்ற வரைக்கும் அலசினான். தேய்க்காம துண்டால ஒத்தித் தரையில இறக்கி விட்டான். பொட்டலம் ஒரு சிலுப்புச் சிலுப்புச்சு பாருங்க, மூணு கண்ணாடியிலயும் தண்ணி தெறிச்சு, நாற்காலியெல்லாம் நனைஞ்சு, அக்கா முகத்துலயும் நாலு சொட்டு. கத்திரி துடைக்கப் போனான்.

"அசையாத. பாரு"ன்னா அக்கா.

பொட்டலம் நடுக் கடையில போய் உக்காந்துச்சு. காதை ஒரு தடவை ஆட்டுச்சு. அப்புறம் பின்னங்கால் மெதுவா எழும்புச்சு. அக்கா கை கத்திரி தோளை இறுக்கிப் பிடிச்சுது. கால் வயித்துப் பக்கம் வந்து, தொடாம, எதுக்குத் தூக்கினோம்னு யோசிக்கிற மாதிரி அப்படியே அந்தரத்துல நின்னுச்சு.