மூன்றரை மணிப் பாறை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்பீர்கள். நான் சொல்வது நிஜமான பொய். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் என் கணவரிடம் சொன்னேன்: "மேல ஒரே மூடுபனிங்க. ஒண்ணுமே தெரியல. பாறையோட திரும்பிட்டேன்."

"மூணரைக்கா?"

"மூணரைக்குத்தான்."

"நல்ல வேலை பண்ணினே" என்றார்.

மறுநாள் காலையில் அவரே, "அந்தப் பாதையப் பத்தி ஒரு கதை எழுதேன்" என்றார். என் கதைகளை முதலில் படிப்பவர் அவர்தான். இத்தனை வருடத்தில் இதை எழுது, அதை எழுது என்று வாய் திறந்ததில்லை. முதல்முறையாகக் கேட்கிறார். வசமாக மாட்டிக்கொண்டேன்.

2

ஆரம்பம் ஒன்று: 'பெருநகரத்தின் எல்லையில், வானத்தைத் தொடும் நீல மலைகளின் மடியில்—' வேண்டாம். அந்த மலை நீலமாகவும் இல்லை, வானத்தையும் தொடவில்லை.

ஆரம்பம் இரண்டு: 'அவர்களிடம் கார் இல்லை.' இது பரவாயில்லை.

கார் இல்லாதவர்கள் மலையேறுவதில் ஒரு சங்கடம் உண்டு. மலை எங்கேயும் போகாது, பேருந்து போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ரயில் பாதை முடியும் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கிளம்பும் ஏதாவதொரு பேருந்தில் அதன் கடைசி நிறுத்தம்வரை போவோம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் நகரப் போக்குவரத்து வரைபடம் ஒட்டியிருந்தது. அதில் வண்ணக் கோடுகள் எங்கெங்கே முடிகின்றனவோ அங்கிருந்துதான் எங்கள் நடை தொடங்கும். நீர்த்தேக்கத்தைச் சுற்றிவரும் பாதை, மூடிப்போன கல்குவாரி வழியாக இறங்கும் பாதை, ஆற்றங்கரைப் பாதை என்று எல்லாவற்றையும் முடித்தோம். ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றுக்கு, ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தே நண்பகலில்தான் கொண்டுபோய் இறக்கும். கடைசிப் பேருந்து ஐந்தரைக்கு. வழிநெடுக மரங்களிலும் கற்களிலும் மஞ்சள் வண்ணத்தில் அடையாளம் வைத்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஏறினால், முகட்டுக்குக் கொஞ்சம் கீழே மேஜை மாதிரி தட்டையாக ஒரு பாறை. அதை எட்டும்போது மணி மூன்றரை ஆகியிருக்கும். உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிடுவோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "சரி, கிளம்பலாம்."

"இன்னும் கொஞ்சம்தாங்க. எட்டிப் பாத்துட்டு வந்துடலாமே."

"பஸ்ஸ விட்டுட்டா ராத்திரி எங்க படுப்பே, இந்தப் பாறையிலயா? அடுத்த தடவ வேகமா ஏறிடலாம்."

அடுத்த தடவையும் மூன்றரைதான் ஆகும்.

(அவருடைய பென்சில் குறிப்பு, இடது கையால், எழுத்துகள் சாய்ந்து: 'ஐந்தரை இல்லை. ஐந்து இருபத்தைந்து.')

3

இந்தக் கணவனை எப்படி எழுதுவது என்பதில்தான் குழப்பம். முதல் வரைவில் பயந்தாங்கொள்ளியாக வந்துவிட்டார். இரண்டாவதில் மேகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவராக வந்தார். அவர் மேகத்தைப் பார்த்தால் குடை எடுத்தோமா என்று கேட்கிற ஆள்.

நிஜத்தில் அவர் லிஃப்ட் மெக்கானிக். "வாரத்துல ஆறு நாள் ஊரையே மேல ஏத்தி விடறேன், ஞாயித்துக்கிழமை நானே வேற ஏறணுமா" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் எனக்கு முன்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். [ஊரை மேலேற்றியவர் உச்சியைப் பார்க்கவில்லை என்று இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. ரொம்பச் சாமர்த்தியமாக இருந்ததால் வெட்டிவிட்டேன்.]

ஒருமுறை பாறையில் உட்கார்ந்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது சொன்னார்: "லிஃப்ட் பாதியில நின்னுட்டா உள்ள மாட்டிக்கிட்டவங்க முகம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. கதவத் திறந்து நான் பாத்திருக்கேன். திரும்பி வர வழியில்லாத இடத்துக்கு உன்னக் கூட்டிட்டுப் போக மாட்டேன்." முட்டையை உரித்துக் கையில் கொடுத்தேன்.

(பென்சில் குறிப்பு: 'கொஞ்சம் ஓவர். ஆனா இருக்கட்டும்.')

4

ஓய்வு பெற்றதும் வாரநாளில் போவதாக இருந்தோம். வாரநாளில் விடிந்ததுமே பேருந்து உண்டு. நிதானமாக ஏறி, முகட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஓய்வு பெற்ற மறுமாதமே அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு முழுதாகத் திரும்பிவிட்டது. வலது கையும் காலும் வரவில்லை. இப்போது கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போவதுதான் அவர் ஏற்றம். 'விதி எங்களை இப்படி—' வேண்டாம். விதியை இழுத்தால் நாலு பக்கத்துக்குப் புலம்புவேன்.

"நீயாவது போய்ட்டு வாயேன்" என்றார் ஒருநாள். "மேல என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு. பஸ்ஸ மட்டும் விட்டுடாதே."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து அவருடன் இருந்தாள். நான் போனேன். மூன்றரைக்குப் பாறையை எட்டினேன். அவர் உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

(பென்சில் குறிப்பு எதுவும் இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தின் கீழ் மட்டும் ஒரு கோடு.)

5

[இந்தப் பகுதியை அவரிடம் கொடுக்கவில்லை. முதல் பகுதியையும்தான்.]

நான் திரும்பவில்லை. பேருந்தை விட்டால் வாடகைக் காரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று துணிந்து மேலே நடந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பளிச்சென்று இருந்தது. புல்வெளி, காற்று, இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு மர பெஞ்சு. எதிரே முழு நகரமும் தெரிந்தது. சாய்ந்த வெயிலில் கட்டடங்களின் கண்ணாடிகள் மின்னின. ரயிலில் போகும்போதெல்லாம் அவர் ஜன்னல் வழியாகக் காட்டுவாரே, "இது என்னோடது, அந்தா, அதுவும் என்னோடது" என்று, அந்தக் கட்டடங்கள் ஒன்று விடாமல் அங்கே நின்றன. அவர் வேலை செய்த வருடங்கள் மொத்தமும் ஒரே பார்வையில். பெஞ்சில் உட்கார முடியவில்லை எனக்கு. நின்றுகொண்டே அழுதேன்.

அதோடு முடிந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். மஞ்சள் அடையாளம் மறுபக்கமாக இறங்கிப் போயிற்று. சும்மா கொஞ்ச தூரம் இறங்கினேன். இருபது நிமிடத்தில் ஒரு தார்ச்சாலை. நிழற்குடை. அதில் மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க பஸ் வருமாம்மா?"

"இப்ப வந்துடும். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போகும்."

"கடைசி பஸ் எப்ப?"

"ஒன்பது மணி வரைக்கும் இருக்கே. ஞாயித்துக்கிழமையும் உண்டு. பக்கத்து மாவட்டத்து பஸ்."

"இப்பதான் விட்டாங்களா?"

அவள் சிரித்தாள். "நான் ஸ்கூலுக்குப் போனதே இதுலதாங்க." அவளுக்கு நாற்பது வயது இருக்கும்.

பேருந்து வந்தது. ரயில்பாதை முடியும் அதே நிலையத்தின் பின்வாசலில் இறக்கிவிட்டது. அந்த வாசல் பக்கம் நாங்கள் ஒருநாளும் போனதில்லை. வழக்கமான நேரத்துக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால் பொய் சொல்வது சுலபமாகிவிட்டது.

உடை மாற்றப் போவதற்கு முன் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். நம் நகரத்து வரைபடம், நம் நகரத்துப் பேருந்துகள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில், எந்த வண்ணம் எந்த வழித்தடம் என்ற விளக்கக் கட்டத்தை அச்சிட்டிருந்தார்கள்.

யாரைக் குறை சொல்வது? அவர் கணக்கில் பிசகு இல்லை. என்னைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரத்தான் ஒவ்வொரு தடவையும் எழுந்தார். எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் எழுந்தார்.

6

முடிவு அ: அவள் கடைசிவரை சொல்லவில்லை. அவர் 'அடுத்த தடவ' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். [இப்போது நடந்துகொண்டிருப்பது இதுதான். இதை முடிவு என்று சொல்ல மனசு கேட்கவில்லை.]

முடிவு ஆ: அவள் சொல்கிறாள். அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். [மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு பாதியில் நின்று, செயலற்ற காலை அவர் குனிந்து பார்க்கிறார்.]

முடிவு இ: அந்தப் பேருந்து அவருக்கு முன்பே தெரியும். ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கட்டும் என்றுதான் திரும்பினார். [அழகாக இருக்கிறது. பத்திரிகையில் உடனே போடுவார்கள். என் நெஞ்சை ஆற்றிக்கொள்ள நானே காய்ச்சிய கஷாயம். இவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை.]

7

இன்று காலை கூப்பிட்டார். மடியில் பக்கங்கள்.

"ரெண்டுலேர்ந்து ஆரம்பிக்குது. ஒண்ணு எங்க?"

"அது இன்னும் சரியா வரல."

"சரி. பாறை வரைக்கும் வந்துட்டே. மணி மூணரை. அப்புறம்?"

"அங்கதாங்க நிக்குது."

"ஏன், கதையிலயும் திரும்பிடப் போறியா?" கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் ஒற்றைக் கையால் துடைத்தார். "கதைதானே. பஸ்ஸ விட்டா விட்டுட்டுப் போகுது. பனியெல்லாம் எடுத்துட்டு மேல ஏறிடு."

நான் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"எனக்கும் பாக்கணும்ல" என்றார்.

ஐந்தாவது பகுதி என் கையில் இருக்கிறது. நகரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேருந்தை அடித்துவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன். ஆனால் படித்து முடித்ததும் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "அப்புறம் எப்படித் திரும்பி வந்தே?" என்பதாகத்தான் இருக்கும். அதுதான் அவர்.

எல்லாப் பக்கங்களையும் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். கொடுக்கட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள். அவர் இடது கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்.