மூன்று குடித்தனம், ஒரு மீட்டர்

“நம்ம நூறு யூனிட்ட யாரும்மா திங்குறா?” என்று ஹாஃபிஸா ஒருநாள் கேட்டாள். வீட்டுக்கு நூறு யூனிட் மின்சாரம் இலவசம் என்று பள்ளியில் டீச்சர் சொல்லியிருந்தார்.

பிரியாணிக் கடையில் வெங்காயம் உரித்துத் தனியாளாகப் பிள்ளையை வளர்ப்பவள் ஷரீஃபா. பேகம்பூரில் இஷாக் பாயின் காம்பவுண்டில் மூன்று குடித்தனத்துக்கும் ஒரே மின்வாரிய மீட்டர். வீட்டுக்கொரு சப்மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று பாய் வாங்கிக்கொள்வார்.

அந்தக் கேள்விதான் அவளை ஆதார் முகாமுக்கு இழுத்துப்போனது. தன் ஆதாரை மீட்டர் எண்ணோடு இணைத்தாள்; இனித் தன் பங்கு வந்துவிடும் என்று நம்பினாள், பாவம். வந்தது பாய்தான்.

“என் மீட்டர்ல ஒன் ஆதாரா? நாளைக்கு வீடே ஒன்னோடதும்ப!”

“வீட்ட வச்சு நான் என்னண்ணே பண்ணப்போறேன்? வாடகைக்கே நாக்குத் தள்ளுது.”

“பேர எடுத்துட்டு வா. அதுவரைக்கும் கரண்டு கெடையாது.” அவள் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர் மோகன்குமார் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். “வீட்டுக்காரரு வந்து எழுதிக் குடுத்தாத்தான் பேர எடுக்க முடியும்க்கா. நான் என்ன செய்ய?”

பாயிடம் வந்து சொன்னாள். “சேத்தவ நீ, நீயே எடு” என்றார். மறுபடி போனாள், அதே நாற்காலி, அதே பதில். மூன்றாம் தடவை போகக் கடையில் லீவு தரவில்லை.

ஹாஃபிஸாவுக்கு வீசிங். இரண்டு வேளையும் மிஷின் வைத்து மருந்துப் புகை பிடிக்க வேண்டும். பிள்ளையின் நெஞ்சு விசிலடிப்பது முன்வீட்டு செபஸ்தியம்மாளுக்குக் கேட்டது.

“ஏத்தா, மிஷினத் தூக்கிட்டு வா. என் வீட்டுப் ப்ளக்கு சும்மாதான கெடக்கு?”

“ஒங்களுக்கு யூனிட்டு ஏறுமேக்கா.”

“ஏறட்டும், ஃபேன நிப்பாட்டிட்டாப் போச்சு. இந்த ஒடம்புக்கு எம்புட்டுக் காத்து அடிச்சாலும் பத்தாது.”

சித்திரை வெயிலில் அவள் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு கிடப்பதை ஷரீஃபா தினமும் பார்த்தாள். கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது? நன்றி என்று வாயெடுத்தாலே வைவாள்.

ஞாயிற்றுக்கிழமை செபஸ்தியம்மாள் பூசைக்குப் போயிருந்தாள். பிள்ளை மதரசாவில். பன்னிரண்டு நாளாக வராத தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் குழாயில் வந்தது. ஷரீஃபா தன் குடங்களை ஒதுக்கிவிட்டு முன்வீட்டு டிரம்மை நிரப்பத் தொடங்கினாள். பதினோரு குடம். படைத்தவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பிறகு தன் குடத்தை வைத்தபோது குழாய் வெறும் காற்றை இருமியது.

டிரம்மை மூடினாள். படியில் சிந்தியிருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.