இரண்டாம் அணிக்கு வந்த காயங்கள்

கால்பந்துக் கழகம் தொடங்கிய பன்னிரண்டாம் ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் அணியின் கோல்கீப்பர் கம்பத்தில் மோதி விழுந்தபோது விலா எலும்பு முறிந்தது இரண்டாம் அணியின் கோல்கீப்பருக்கு. அவர் அந்த நேரத்தில் தன் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். முதல் அணிக்காரர் எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டுப் பந்தை உதைத்தார். அன்றிலிருந்து முதல் அணியில் எவருக்கும் ஆட்டத்திலோ பயிற்சியிலோ ஒரு கீறல்கூட விழவில்லை. விழ வேண்டியவை எல்லாம் இரண்டாம் அணிக்குப் போயின.

இரண்டாம் அணி என்பது காத்திருப்பவர்களின் அணி. முதல் அணியில் யாராவது ஓய்வு பெற்றால், அல்லது மனம் சலித்துப் போனால், அந்த எண்ணுக்கு இங்கிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்கள். அதுவரை இவர்கள் புதன்கிழமைகளில் பெயிண்ட் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ஆடினார்கள். பார்வையாளர்கள் என்று மைதானக் காவலரும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பேரும் வருவார்கள். தகரக் கூரை போட்ட ஒரு அறையில் உடை மாற்றிக்கொள்வார்கள். அந்த அறையின் மூலையில் ஒரு மேசை, ஒரு மர பெஞ்சு, ஒரு ஐஸ் பெட்டி ஆகியவற்றோடு நர்ஸம்மா இருந்தார்.

நர்ஸம்மா ஒரு நூற்பாலையின் மருந்தகத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். காயத்துக்கு எந்தக் கட்டையும் ஒரு சின்ன ஜெபம் சொல்லாமல் போடமாட்டார். போட்டதும் நோட்டில் எழுதுவார்: எண், உடம்பில் எந்த இடம், கிழமை, மணி, எப்படிப் பட்டது. இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சிக்கல் வந்தது. பல் துலக்கும்போது கணுக்கால் பிசகியது. பேருந்துக்கு நிற்கும்போது தோள்பட்டை நழுவியது. வீரர்கள் திருட்டுத்தனமாக வேறு இடங்களில் ஆடிவிட்டுப் பொய் சொல்கிறார்கள் என்றே அவர் நினைத்தார். "பொத்தான் தைச்சா விலா எலும்பு முறியுமாப்பா? அப்படின்னா தையல்காரர் யாரும் உயிரோட இருக்க முடியாதே" என்று கோல்கீப்பரைக் கேட்டார்.  சிரித்தால் வலிக்கும் என்பதால் கோல்கீப்பர் சிரிக்கவில்லை.

ஓராண்டு கழித்து ஒரு ஞாயிறு மதியம், பழைய தையலைப் பிரிக்க வந்த ஏழாம் எண்காரர் பெஞ்சில் படுத்திருக்க, நர்ஸம்மா ரேடியோவில் முதல் அணியின் ஆட்டத்தை வைத்திருந்தார். ஏழாம் எண் கீழே விழுந்தார், ஆனால் எழுந்துவிட்டார் என்று வர்ணனையாளர் சொல்லி முடிப்பதற்குள் பெஞ்சில் இருந்தவர் அலறினார். நர்ஸம்மா பார்க்கப் பார்க்கவே அவருடைய கணுக்கால் பன் போல உப்பியது. மறுநாள் நர்ஸம்மா நூலகத்துக்குப் போய், முதல் அணியின் ஆட்டச் செய்திகள் வந்த பழைய செய்தித்தாள்களை எடுத்து நோட்டோடு வைத்துப் பார்த்தார். நிமிடம்கூடத் தவறவில்லை.

நோட்டைக் கழகச் செயலாளரிடம் கொண்டுபோனார். செயலாளர் முழுவதும் பொறுமையாகப் படித்தார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். பிறகு அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு புதிய நோட்டுக் கொடுத்தார். அதில் 'எப்படிப் பட்டது' என்ற கட்டம் இல்லை. முதல் அணியிடம் இது பற்றி ஒரு வார்த்தையும் போகக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். "பாவம், தெரிஞ்சா அவங்க மனசு கஷ்டப்படும்" என்றார். நர்ஸம்மா அந்தப் பேச்சுக்குத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்துப் பின்னாளில் அவர் பல தடவை ஜெபித்தார்.

அடுத்த பத்து ஆண்டுகளில் கழகம் ஆறு கோப்பைகள் வென்றது. முதல் அணிக்காரர்கள் அடிபடுவது என்றால் என்னவென்றே மறந்துபோய், மூட்டையை வீசுவது போலத் தங்களை வீசி ஆடினார்கள். பத்திரிகைகள் அவர்களுடைய உணவையும் உடற்பயிற்சியையும் புகழ்ந்து எழுதின. இரண்டாம் அணி புதன்கிழமை தோறும் தோற்றது. ஒரு முறை ஏழு பேர்தான் களம் இறங்கினார்கள், அதில் இருவர் ஊன்றுகோலோடு. ஊன்றுகோலின் முனையில் ரப்பர் இருந்தால் ஆடலாம் என்று நடுவர் அனுமதித்தார். அணியை விட்டுப் போனவர்களும் உண்டு. போனவருக்கு மறுநாளே வலி நின்றுவிடும். ஆனால் அது எண்ணைத்தான் தேடி வந்தது, ஆளைத் தேடி அல்ல. ஒன்பதாம் எண்காரர் விலகிய பிறகு, வருகைப் பதிவேட்டில் கட்டம் காலியாக இருக்கக்கூடாதே என்று மைதானக் காவலர் அவருக்குப் பதில் கையெழுத்துப் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போது காவலருக்குப் புருவத்துக்கு மேல் நாலு தையல் போடும் அளவுக்குக் கிழிந்தது. யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவருக்கு என்று அதிலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது.

பத்தொன்பதாம் ஆண்டில் ஐந்தாம் எண்ணில் கையெழுத்துப் போட்டவரை நர்ஸம்மாவின் மகள், தபால் நிலையத்தில் எழுத்தராக இருந்தவள், விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். "பதினொரு பேர்ல உனக்கு அஞ்சாம் நம்பர்தான் கிடைச்சுதா?" என்று நர்ஸம்மா கேட்டதற்குக் காரணம் இருந்தது. முதல் அணியின் ஐந்தாம் எண், 'சுவர்' என்று பெயர் வாங்கிய தடுப்பாட்டக்காரர். கோலை நோக்கி யார் வந்தாலும் குறுக்கே விழுந்துவிடுவார். நர்ஸம்மா மருமகனை மாப்பிள்ளை என்று கூப்பிட, அணி முழுக்க அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. நான்கு ஆண்டுகளில் மாப்பிள்ளையின் வலது முழங்கால் ஆறு முறை அடிபட்டது. ஆறாவது கட்டைப் பார்த்த மருத்துவர், இனி ஒரு அடி பட்டால் இந்தக் காலால் மறுபடி நடக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார். பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அப்போது பத்து நாட்கள் இருந்தன. கோல் வாங்காமல் இருந்தாலே கோப்பை என்ற நிலை. சுவர் எப்படி ஆடுவார் என்பதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இந்த வாரம் கையெழுத்துப் போடாதீங்க மாப்பிள்ளை. விட்டுட்டு வந்துடுங்க."

"நான் விட்டா அடுத்தவன் போடுவான் அத்தை. அவனுக்கும் முட்டி ரெண்டுதானே."

"அவனுக்கு ரெண்டும் நல்லா இருக்கு. உங்களுக்கு இருக்கிறதே ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணு போனா எனக்கு ஒண்ணுதான் நஷ்டம்" என்று சொல்லி மாப்பிள்ளை சிரித்தார். அவருக்கு முதல் அணியில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. அதை அவர் அப்போது சொல்லவில்லை. அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்பதுதான் நர்ஸம்மாவைத் தூங்கவிடாமல் செய்தது.

வியாழக்கிழமை காலை அவர் ஒரு சுருள் பேண்டேஜைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் அணியின் பயிற்சி மைதானத்துக்கு நடந்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கதவை அவர் தாண்டியதில்லை. சுவர் சேற்றில் சறுக்கிச் சறுக்கிப் பழகிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு முழுவதும் மறந்துவிட்டது. "தம்பி, ஒருத்தருக்குக் கட்டு மாத்தணும். காலைப் பிடிச்சுக்க ஆள் இல்லை, கொஞ்சம் வர்றியா?" என்றார். சுவர் கெட்டவர் இல்லை. உதவி என்று யாரும் அதுவரை அவரிடம் கேட்டதில்லை. சேற்றுப் பூட்ஸோடு பின்னாலேயே வந்தார்.

தகர அறையின் வாசலில் நின்று உள்ளே இருந்தவர்களைப் பார்த்தார். தலையில் கட்டு, தோளில் தூளிக்கட்டு, மூக்கில் பிளாஸ்டர். "என்னங்க, பஸ் கவுந்துடுச்சா?" என்றார்.  கோல்கீப்பர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள்.

நர்ஸம்மா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் குதிகாலைச் சுவரின் இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தார். கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். ஒவ்வொரு தழும்பையும் பஞ்சால் துடைத்துக்கொண்டே, கடையில் சாமான் வாசிப்பதைப் போல வாசித்தார். "இது மூணு வருஷம் முன்னாடி, மழை நாள்ல, வடக்கு கோல் பக்கம். இது அதுக்கு அடுத்த மாசம், பெனால்டி எல்லைக்கிட்ட. இது..." மூன்றாவதை அவர் சொல்வதற்குள் சுவரே, "அரையிறுதி" என்றார்.  கட்டு முடிகிற வரை குதிகாலை விடவில்லை. போகும்போது மாப்பிள்ளையிடம், "எனக்குத் தெரியாதுங்க" என்றார். "தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியும்ணே" என்றார் மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் அணி முழுவதும் தகர அறையில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை காலை ஒரு முக்காலியில் நீட்டி, கீழே தலையணை கொடுத்திருந்தார். நர்ஸம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அந்த முழங்காலை மூடிக்கொண்டார். கை தடுக்காது என்று அவருக்குத் தெரியும். எண்பத்தோராம் நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது எதிரணியின் முன்வரிசைக்காரர் நடுக்கோட்டைத் தாண்டித் தனியாக வந்தார், சுவர் மட்டும் குறுக்கே இருக்கிறார் என்றார் வர்ணனையாளர். நர்ஸம்மா கண்ணை மூடினார். சுவர் விழவில்லை என்று வர்ணனையாளர் சொன்னார், நம்ப முடியாமல் அதையே இன்னொரு முறை சொன்னார். சுவர் நிமிர்ந்தபடியே கூடவே ஓடினார், காலை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. பந்து வலைக்குள் போனது.

அறையில் யாரும் அசையவில்லை. அந்தக் கோப்பைகளில்தான் அவர்களுடைய பற்களும் விரல்களும் இருந்தன. நர்ஸம்மா மெதுவாகக் கைகளை எடுத்தார். முழங்கால் காலையில் இருந்தது போலவே இருந்தது. "போச்சா?" என்று கோல்கீப்பர் கேட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்று புரியாமல் மாப்பிள்ளை காலை மடக்கி நீட்டிக் காட்டினார்.

சுவரின் வீட்டு ஜன்னலில் இரண்டு நாள் அழுகிய தக்காளி விழுந்தது. ஏன் விழவில்லை என்று செயலாளர் கேட்டதற்கு, "மனசு வரலைங்க" என்றார். வயதாகிவிட்டது என்று எழுதி அடுத்த பருவத்தில் அவரை இரண்டாம் அணிக்கு அனுப்பினார்கள். அவர் பூட்ஸைப் பையில் போட்டு எடுத்து வந்து, ஐந்தாம் எண்ணுக்கு எதிரே தானாகவே கையெழுத்துப் போட்டார். ஓய்வில் கால் தேறிய மாப்பிள்ளையை முதல் அணியின் ஐந்தாம் எண்ணுக்குக் கூப்பிட்டார்கள், வேறு ஆள் இல்லை. அவர் அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஆடியதால் ரசிகர்கள் அவருக்குப் 'பூனை' என்று பெயர் வைத்தார்கள். அந்த வியாழக்கிழமை எங்கே போனாய் என்று சுவரிடம் விசாரித்த மற்ற முதல் அணிக்காரர்களும் ஒவ்வொருவராகத் தகர அறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கழகம் எந்தக் கோப்பையும் வெல்லவில்லை. ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்துகொண்டிருக்கிறது. நர்ஸம்மாவுக்கு ஒரு நோட்டு மூன்று ஆண்டுக்கு வருகிறது.

முதல் அணியில் மாப்பிள்ளை ஆடிய ஐந்தாவது ஆட்டத்தின்போது, தகர அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த சுவருக்கு இடது முழங்கையில் உள்ளங்கை அகலம் தோல் உரிந்தது. தன் ரத்தத்தை அவர் பார்த்துப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நர்ஸம்மா, மாப்பிள்ளை விழுந்துட்டாரு" என்று தகவல் சொன்னார். அவர் ஜெபம் சொல்லி மருந்து தடவினார். சாயங்காலம் மாப்பிள்ளை உடை மாற்றாமல் நேரே அங்கே வந்து, "சறுக்கிடுச்சுண்ணே, மன்னிச்சுக்குங்க" என்றார்.

"அதுக்கென்ன. ஆனா நீங்க இடது பக்கமா விழறீங்க. எனக்கு இடது கைப் பழக்கம், சாப்பிடறதுக்குச் சிரமமா இருக்கு."

"சரிண்ணே" என்றார் மாப்பிள்ளை. அதற்கு அடுத்த வாரம் விழ நேர்ந்தபோது வலது பக்கமாக விழுந்தார்.